கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்



பெங்களூரிலிருந்து ஓசூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கருநாடக மாநிலத்தின் எல்லையூராக அமைந்திருப்பது அத்திபெலே. ஊரைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் தமிழ்நாடு. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியிருக்கின்றன. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், சென்னைக் கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இவ்வூரிலிருந்து கொண்டு கடலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வுரை பிறந்தது இவ்வூரின் ஒரு வீட்டுக் கூடத்தில்தான்.

அவ்வீட்டுக்குரியவர் தூத்துக்குடிக்காரர், தொழிற்பேட்டையில் பணி. கூடத்தின் ஒரு மூலையில் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றை அவர் புதிதாக அமைத்திருந்தார். அதில் நன்னீர் இல்லை, உப்புநீர். பொட்டலத்தில் விற்கும் கடலுப்பைத் தூய நீரில் கரைத்துச் செய்த கடல் அது. நாம் அதனை வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "ஐயா, மீன் மட்டும் போதாது, பவளமும் வேண்டும் என்று மகள் சொல்கிறாள். ஊருக்குப் போகும்போது நம் கடலிலிருந்தே உயிருள்ள கல் ஒன்றை வாளியில் எடுத்துவந்தால் என்ன? அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பவர் நீங்கள், சொல்லுங்கள்."

சட்டம் யாது என்பதை ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால், 'கூடாது' என்ற ஒரு சொல் ஒரு தந்தைக்கும் மகளுக்கும் எவ்வாறு நிறைவளிக்கும்? ஏன் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கடலைக் குடுவைக்குள் கொண்டுவர மனிதன் செய்த முயற்சிகளின் வரலாறு அது. அதனையே இன்று நேயர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். மொழிபெயர்ப்பாளனுக்கு அதுவே வழக்கம். பவளம், பவழம், துகிர் என நம் மொழியில் இப்பொருளுக்குப் பெயர்கள் பல. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் வந்து குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, கீழ்க்கடலின் துகிரையும் அவற்றோடு சேர்த்து எண்ணுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்புளூஸ்' என்னும் கடல்வழி நூலோ, மேலைநாட்டுக் கப்பல்கள் முசிறித் துறைக்குக் கொணர்ந்த சரக்குகளுள் பவளத்தையும் குறிக்கிறது. பிற்காலத்தில், 17-ஆம் நூற்றாண்டிலும் 18-ஆம் நூற்றாண்டிலும், மத்தியதரைக் கடலின் செம்பவளத்தைச் சென்னைக்கு வருவித்து, அதற்கு ஈடாக வைரங்களை வாங்கி அனுப்பிய யூத வணிகர்கள் சென்னையில் வாழ்ந்தனர். முத்தியாலுப்பேட்டையில் உள்ள பவளக்காரத் தெருவின் பெயர் அவ்வாணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

ஆகவே, பவளம் என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது மாலையும் மோதிரமும். முத்தோடும் மணியோடும் சேர்த்து எண்ணியதனால், அதுவும் ஒரு கல் என்றே கருதிவிட்டோம். மன்னார் வளைகுடாவில் பாறை கட்டும் பவளமோ அச்செம்பவளம் அன்று. அது வேறு இனம். கடல் சாமந்தியை ஒத்த மிகச் சிறிய உயிர்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் குடும்பமாக வாழ்ந்து, தம் காலடியில் சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து கட்டுகின்ற மாளிகையே அப்பாறை. நம் பாடநூல்கள் இவ்வுயிரைப் பவளப் பூச்சி என்று அழைத்தன. பூச்சியினம் அன்றாயினும், உயிர் என்பதையேனும் அப்பெயர் உணர்த்தியது.

இவ்வுண்மையை உலகம் கண்டுகொண்டதே ஒரு நீர்க்குடுவையின் உதவியால்தான் என்பது குறிப்பிடத்தக்கது. பவளம் செடியா, கல்லா என அறிஞர் பன்னெடுங்காலம் வழக்காடினர். 1706-ஆம் ஆண்டில் இத்தாலியரான மார்சிலி என்பவர், பிரான்சின் தென்கரையில் பிடித்த பவளக் கிளைகளைக் கடல்நீர் நிறைந்த பாத்திரத்தில் இட்டுவைத்தார். சற்று நேரத்தில் கிளைகளின்மேல் வெண்ணிறப் பூக்கள் விரிந்தன. பவளம் ஒரு செடி என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது என அவர் மகிழ்ந்தார். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின், மார்சேல் நகரத்து மருத்துவர் பெய்சோனெல் அதே சோதனையைச் செய்தார். பூக்கள் தொட்டால் சுருங்கின, விட்டால் விரிந்தன. அவை பூக்கள் அல்ல, உயிர்கள் என்று அவர் துணிந்து கூறினார்.

அவர் பெற்ற பரிசு யாது? பாரிசு நகரத்துக் கலைக்கழகத்தில் அக்கருத்தை எடுத்துரைத்த ரேமூர் என்னும் பேரறிஞர், இத்தகைய கருத்தை வெளியிட்டவர் பெயரைச் சொன்னால் அவருக்கு இழுக்கு நேரும் என எண்ணி, பெயரையே மறைத்துவிட்டார். 1740-களில் நன்னீர் உயிரான ஐதராவைப் பற்றிய ஆராய்ச்சிகள் வெளிவந்த பின்னரே பெய்சோனெல் கூறியது மெய் என உலகம் ஒப்புக்கொண்டது. இருவர் கண்டதும் ஒரே காட்சி. ஒருவர் விரிவதைக் கண்டதோடு நின்றார். மற்றவர் சுருங்குவதையும் காணும்வரை காத்திருந்தார்.

பவளத்தை வீட்டில் வைத்து நெடுநாள் வாழவைத்தவர் என நாம் அறியும் முதல் பெயர் ஒரு பெண்மணியுடையது. அன்னா தைன் என்ற அவ்வம்மையார் இலண்டன் நகரத்துப் பாதிரியார் ஒருவரின் மனைவி. 1846-ஆம் ஆண்டில் டார்க்கீ கடற்கரைக்குச் சென்றவர், அங்கே கிடைத்த சிறு பவள உயிர்களைக் கடல்நீர் நிறைந்த சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்நாளில் காற்றூட்டும் பொறியும் இல்லை, வடிகட்டியும் இல்லை. திறந்த சன்னலின் முன் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு நாள்தோறும் நெடுநேரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் வீடுகளில் காப்பியை ஆற்றுவதை நேயர்கள் நினைத்துக்கொள்க. அவ்வாறு ஊற்றும்போது காற்று நீரில் கலந்தது, உயிர்கள் பிழைத்தன. பின்னர்க் கடற்பாசியையும் உடன் வைத்தால் அப்பணி எளிதாகும் என்று கண்டார். அந்த நீரை ஆற்றும் வேலையைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண் என்பதையும், அவள் பெயர் நூல்களில் பேசப்படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவது முறையன்று.

இதனை அடுத்து இங்கிலாந்தில் ஒரு மோகம் எழுந்தது. 1845-இல் கண்ணாடிமீது இருந்த வரி நீக்கப்பட்டதால் தொட்டிகள் மலிந்தன. 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காசு என்னும் இயற்கைநூல் வல்லுநர் வெளியிட்ட நூல், வீட்டுக்கு வீடு கடல் தொட்டி வைக்கும் ஆசையை வளர்த்தது. மக்கள் கூடைகளோடும் உளிகளோடும் இரயிலேறிக் கடற்கரைக்குச் சென்றனர். பாறைக் குழிகளில் இருந்த உயிர்களைப் பெயர்த்து எடுத்துவந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை சில நாள்களில் மடிந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1907-இல், காசின் மகன் எட்மண்டு தம் தந்தையைப் பற்றி எழுதிய நூலில், தாம் சிறுவனாக இருந்தபோது பூங்காவனம் போல் விளங்கிய அப்பாறைக் குழிகள் வெறுமையாகிவிட்டதை எண்ணி வருந்துகிறார். தந்தை செய்தது கொள்ளையன்று. அன்பினால் பிறருக்கும் அழகைக் காட்டியது. ஆயினும் அவ்வன்பே அழிவுக்கு வாயிலாயிற்று. இவ்விடத்தில் நம் தூத்துக்குடி நண்பரின் வாளி நம் நினைவுக்கு வருகிறது அன்றோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரத்தையும் அதனைச் சூழ்ந்த தீவுகளையும் ஆராய்ந்து, அங்குள்ள கடலுயிர்களைப் பற்றி எழுதினார். அவருடைய முயற்சியின் பயனாகச் சென்னை மெரினாக் கடற்கரையில் கடல்மீன் காட்சியகம் ஒன்று எழுந்தது. 1909-ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதன்மையானது அதுவே. இரண்டாம் உலகப்போரின்போது அது மூடப்பட்டது. பின்னர் 1951-இல் பம்பாயில் தாராபூர்வாலா காட்சியகம் திறக்கப்பட்டது.

காட்சியகங்கள் ஒருபுறமிருக்க, ஆராய்ச்சியும் வளர்ந்தது. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1947-இல் தோன்றிய மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபம் முகாமைத் தலைமையிடமாகக் கொண்டது. 1970-களில் தலைமையிடம் கொச்சிக்கு மாறிற்று. அந்த மண்டபத்தில் 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பவளங்களையும் பவளப்பாறைகளையும் பற்றி ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. உலக நாடுகளின் பவள அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பேரவையின் வரிசையில், முதலாவதாக எண்ணப்படுவது நம் மண்டபத்தில் கூடிய அக்கருத்தரங்கே. இச்செய்தியைத் தமிழர் பலர் அறியார்.

இனி, பவளம் ஏன் தொட்டியில் வாழ மறுத்தது என்பதைக் காண்போம். அன்னா தைன் வளர்த்தது குளிர்க்கடலில் தனித்து வாழும் இனம். அதற்கு வெயில் தேவையில்லை. இரை கிடைத்தால் போதும். வெப்பக்கடலின் பாறை கட்டும் பவளமோ தன் தசைக்குள்ளே நுண்பாசிகளைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கு வாடகையாகத் தருகிறது. பவளம் அதற்கு இடமும் உரமும் தருகிறது. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பாறைத்தொடருக்கு யங் என்பவர் தலைமையில் சென்ற அறிஞர் குழு, பவளங்களை இருளில் வைத்துச் சோதித்து இவ்வுறவை ஆராய்ந்தது. எனவே, அறைக்குள் வைத்த பவளத்துக்கு வெயிலுக்கு ஈடான ஒளியும் வேண்டும், வெயிலின் சூடும் கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே தருவது எளிதன்று.

1956-இல் நியூ காலிடோனியாவின் நூமெயா நகரில் கத்தலா என்பவர் அமைத்த காட்சியகம், அருகிலிருந்த கடலின் நீரைத் தொட்டிகளில் ஓடவிட்டு உயிர்ப்பவளங்களை வாழவைத்தது. கடலே பக்கத்தில் இருந்ததால் அது இயன்றது. 1961-இல் சகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பவர் வேறொரு வழியைக் கண்டு எழுதினார். கடலிலிருந்து நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கினார். மெல்லிய காற்றுக் குமிழ்களையும் சூரிய ஒளியையும் தவிர வேறு பொறி எதுவும் வைக்கவில்லை. கழிவை நுண்ணுயிர்களே தின்று நீரைத் தூய்மை செய்தன. இன்று உலகெங்கும் வீடுகளில் காணும் பவளத் தொட்டிகளுக்கெல்லாம் அவ்வெளிய தொட்டியை ஒரு மூதாதை எனலாம். அதன்பின் செருமானியர் முதலியோர் நுரைகொண்டு கழிவைப் பிரிக்கும் கருவியையும், வலிய விளக்குகளையும் சேர்த்து இக்கலையை வளர்த்தனர்.

இன்றுங்கூட இக்கலை பொறுமையைக் கேட்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே நாள்தோறும் ஊற்ற வேண்டும். வெப்பம் 25 பாகையை ஒட்டி நிற்க வேண்டும். பவளம் பாறை கட்டுவதற்கு நீரில் சுண்ணச்சத்து லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அத்திபெலே போன்ற ஊர்களில் வீட்டுக் குழாயில் வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. அதனை அப்படியே ஊற்றினால் பாசி படர்ந்து தொட்டி கெடும். மின்சாரம் சில மணிநேரம் நின்றால் நீரோட்டம் நிற்கும், மூச்சு முட்டும். கடலில் ஓர் உயிர் மடிந்தால் கடல் பொறுத்துக்கொள்ளும். தொட்டியிலோ ஓருயிரின் சாவு மற்றவற்றின் சாவுக்கும் வழியாகும்.

பவளத்துக்குக் கடலிலேயே இன்று நல்ல காலம் இல்லை. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை பல பத்தாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், தொழிற்சாலைகளுக்கும், வீடு கட்டுவதற்கும் அவை சென்றன. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. பாறையைப் பெயர்த்ததால் அலையைத் தடுக்கும் அரண் அகன்றது, மணல் கரைந்தது, தீவு தாழ்ந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறியபோது, பவளங்கள் தம் உள்ளே வாழ்ந்த பாசிகளை வெளியேற்றி வெளிறின, பல இறந்தன.

இந்நிலையில்தான் அரசு சட்டத்தை இறுக்கியது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளமும், குழற்பவளமும், நெருப்புப் பவளமும், கடல்விசிறியும் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அன்றுமுதல் பவளத்துக்கும் உண்டு. உயிருள்ளதாயினும் உயிரற்றதாயினும், நம் கடலிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அயல்நாட்டுப் பவளங்களின் வாணிகமும் உலக நாடுகளின் உடன்படிக்கைக்கும் நம் சட்டத்துக்கும் உட்பட்டதே.

நாமும் குற்றமற்றவர் அல்லேம். சிறுவயதில், 2001-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்னர், பெற்றோருடன் இராமேசுவரம் சென்றபோது, கடைத்தெருவில் அடுக்கிவைத்திருந்த வெண்பவளக் கல் ஒன்றை அடம்பிடித்து வாங்கினோம். வீட்டு அலமாரியில் அது பல ஆண்டுகள் இருந்தது; குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறியபோது எங்கோ தொலைந்தது. அதன்மேல் நெருங்கிய சிறு குழிகளை அழகிய பூவேலை என எண்ணி விரலால் தடவியது நினைவில் உள்ளது. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த வீடு என்பதை நாற்பதை எட்டும் வயதில், ஒரு தாளை மொழிபெயர்க்கும்போதுதான் அறிந்தோம். வெண்மை என நாம் வியந்தது எலும்பின் வெண்மை.

இவற்றையெல்லாம் நண்பரிடமும் அவர் மகளிடமும் ஒரு ஞாயிறு மாலையில் சொன்னோம். அச்சிறுமி நெடுநேரம் பேசாதிருந்து, பின், "அப்படியானால் மாமா, பவளத்தை நாம் வளர்க்கவே முடியாதா?" என்று கேட்டாள். வளர்க்கிறார்கள் என்று விடை கூறினோம். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டால் மரமாவதுபோல், பவளக் கிளையின் துண்டும் புதுக் குடும்பமாக வளர வல்லது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002 முதல் இம்முறையைக் கையாண்டு, உரிய இசைவுடன், பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு, அழிந்த பாறைகளை மீட்டுவருகின்றனர். வீட்டுத் தொட்டிக்காரர்கள் உலகெங்கும் பழகிய அதே கொம்பு நடும் கலைதான். நடும் இடம் மட்டும் வேறு.

அத்திபெலே வீட்டுத் தொட்டியில் இன்று பவளம் இல்லை. சுட்ட மண்ணால் செய்த பாறைகளுக்கிடையே கோமாளி மீன்கள் இரண்டு உலவுகின்றன. அவை கடலில் பிடித்தவை அல்ல. வளர்ப்பகத்தில் முட்டையிலிருந்து பொரித்தவை. அவ்வாறு பொரிக்கும் முறையையும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்தில் வகுத்துள்ளனர். ஆவியான நீரின் அளவைப் பார்த்து நாள்தோறும் நன்னீர் ஊற்றும் பொறுப்பு சிறுமியுடையது. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, மன்னார் வளைகுடாவில் வனத்துறையினர் நடத்தும் கண்ணாடித் தளப் படகில் அவளை அழைத்துச் செல்வதாகத் தந்தை வாக்களித்திருக்கிறார்.

பிற மாநிலங்களில் வாழும் நாம், ஊருக்குச் சென்று திரும்பும்போது மூட்டை மூட்டையாக எதையேனும் கொண்டுவருகிறோம். கருப்பட்டியும் புளியும் வருகின்றன. கறிவேப்பிலைக் கன்றும் வருகிறது. பிரிந்த மண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் நெஞ்சு அது. அவ்விருப்பத்தை நாம் குறை கூறோம். ஆனால், மூட்டையில் கட்டத் தகாத பொருளும் ஊரில் உண்டு. அது அங்கேயே இருந்தால்தான் நாம் திரும்பிச் செல்லும் நாளில் காண்பதற்கு ஏதேனும் எஞ்சும். நண்பரின் மகள் இப்போது படகு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகப் பவளம் கடலில் காத்திருக்கட்டும்.